தலையணையிலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டர்

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக மட்டுமே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை என்று எங்கள் வகுப்பாசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி எழுதினால் முதல் வரியிலேயே பொய் வந்துவிடும். அம்மா அப்பாவோடு பேசி ஆறு நாள் ஆகிறது. அப்பாவுக்கு வயிறு சரியில்லை. நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அறிய ஆவல் என்பதும் பொருந்தாது. வணக்கம் மட்டும் முழு மனதோடு.

பள்ளி விட்டு நேராக அப்பாவின் அலுவலகத்துக்கு வந்து, அவருடைய பெரிய மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, மணி நாலரை. சுவரில் 'ஒலிக் கட்டுப்பாட்டு வாரியம், தலைவர்' என்று பலகை இருக்கிறது. அதற்குக் கீழே அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கிறது, ஏனென்றால் அவர் மூன்றாவது தடவையாகக் கழிவறைக்குப் போயிருக்கிறார். மேசை நடுவில் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்று மாலைக்குள் போட்டாக வேண்டும் என்று ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அப்பா பேனாவை எடுக்கிறார், மூடியைக் கழற்றுகிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறார். எதிர் மேசையில் தபால் அனுப்பும் எழுத்தர் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்று சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. நானும் நாளைக்கு மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

போன சனிக்கிழமை நீங்கள் "இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தியபோது நான் வாசலில் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டு நின்றேன். நீங்கள் பார்த்தது உங்கள் வாசல்படி வரைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நாலாம் வகுப்பிலிருந்து அளவுக் குறிப்பேடு எழுதுகிறவள் நான்.

அப்பா காதுகேள் கருவிக் கடை நடத்தியபடியே பதினோரு வருஷம் ஒலிபெருக்கிகளோடு சண்டை போட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. "ஊரே அமைதியாயிட்டா நம்ம கடைக்கு யாருங்க வருவா?" என்று அம்மா கேட்டதும் தெரியும். அப்பாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. சத்தத்தைத் தலையணையில் அளக்க வேண்டும். சத்தம் எங்கே பிறக்கிறது என்பது முக்கியமில்லை, யார் தூக்கத்தில் போய் விழுகிறது என்பதுதான் முக்கியம் என்பார். அதற்காக முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், அவர்கள் கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்து, சத்தம் அளக்கிற மீட்டரைத் தலையணையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று 'தலையணை, இடது காது, ஜன்னல் திறந்த நிலை' என்று எழுதுவேன். ஒரு தடவை வீடு மாறிப் போய், குளித்துவிட்டு வந்த ஒரு அம்மாள் தன் கட்டிலில் அப்பா படுத்திருப்பதைப் பார்த்துப் போட்ட கூச்சல் தொண்ணூற்றெட்டு டெசிபல். அதையும் அப்பா எழுதச் சொன்னார். உண்மை என்றால் உண்மைதான் என்றார். அந்த அப்பாவைத்தான் நான் என் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு போன வருஷம் மைதானத்தில் கட்சித் தலைவரின் கூட்டம் நடந்தது. அப்பா தனி ஆளாக மேடைக்கு எதிரே முக்காலி போட்டு ஏறி, மீட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நூற்றெட்டு. தொண்டர்கள் முக்காலியைப் பிடித்து ஆட்டினார்கள். நான் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியில், "இந்த மாதிரி ஆளுதான் நமக்கு வேணும். ஒலிக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இவர்தான் தலைவர்!" என்றார். கைதட்டல் நூற்றுப் பதினான்கு. எழுதட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் முக்காலியிலிருந்து இறங்காமல் கும்பிட்டபடியே, "கைதட்டல் சத்தத்துல சேராதும்மா" என்றார். அத்தை, என் குறிப்பேட்டில் முதன்முதலாக வெறுமையாக விட்ட கட்டம் அதுதான்.

பதவி வந்ததும் முதலில் கார் வந்தது. ஹாரன் அடிக்கிற ஓட்டுநர்களை நடுத்தெருவில் மடக்கிப் பாடம் எடுத்த அதே அப்பாவுக்கு, அவருடைய ஓட்டுநர் வாசலில் மூன்று தடவை ஹாரன் அடித்தால்தான் கேட்டைத் திறக்கத் தோன்றுகிறது. பிறகு மாவட்டச் செயலாளர் வந்தார். அவர் கெட்டவர் மாதிரிப் பேசமாட்டார், அத்தை. மிக மரியாதையாக, "அண்ணே, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா நீங்க யாரு? தலைவர். தலைவர் போய் ஒருத்தர் படுக்கையில படுத்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆகையால் அளக்கிற இடம் தலையணையிலிருந்து ஜன்னலுக்கு வந்தது. அடுத்து அவருடைய மைத்துனரின் கல் அறுக்கும் பட்டறை மேல் புகார் வந்தபோது, "வீட்டுக்குள்ள நுழையறதே அடுத்தவங்க அந்தரங்கத்துல தலையிடறதுதானே அண்ணே" என்றார். ஜன்னலிலிருந்து வெளிக்கேட்டுக்கு வந்தோம். அதற்கடுத்து, தெரு என்பது எல்லாருக்கும் பொது, ஒரு வீட்டு வாசலில் மட்டும் நின்று அளந்தால் மற்ற வீடுகளுக்கு ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று தெருமுனைக்கு வந்தோம். ஒவ்வொரு காரணமும் கேட்கும்போது சரியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து நாடாவில் கூட்டிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. "அடுத்த தடவை அளக்க என் பொறந்த வீட்டுக்கே போயிடுங்க. முந்நூறு கிலோமீட்டர். ஒரு சத்தமும் வராது" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

அப்புறம்தான் உங்கள் மனு வந்தது. உங்கள் வீட்டுக்கு எதிரே கட்சியின் இளைஞரணி அலுவலகம் திறந்து, நாலு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தலைவரின் உரைகளைப் போடுகிறார்கள் என்றும், இரவெல்லாம் மருத்துவமனையில் கண்விழிக்கிற செவிலிக்கு அந்த நேரம்தான் தூக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். பணியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து, தூக்கத்திலேயே "என் உயிரினும் மேலான பெருமக்களே" என்று தொடங்கி அரைமணி நேரம் தலைவரின் உரையை ஒரு சொல் பிசகாமல் பேசினீர்களாமே. வார்டில் நாலு நோயாளிகள் கைதட்டினார்களாமே. அம்மா இதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள், ஏனென்றால் தலைமைச் செவிலி உங்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார், இன்னொரு தடவை கண்ணயர்ந்தால் வேலை போய்விடும். மனுவின் கடைசி வரியில், 'வாரியத் தலைவர் என் அண்ணன் என்பதால் சலுகை கேட்கவில்லை, தலையணையில் அளந்தால் போதும்' என்று எழுதியிருந்தீர்கள். அப்பா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

சனிக்கிழமை நீங்கள் டீ போடச் சமையலறைக்குப் போனபோது அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஓசைப்படாமல் உங்கள் அறைக்குப் போய் மீட்டரைத் தலையணையில் வைத்தார். தலையணைப் பக்கத்தில் நீங்கள் காதில் அடைத்துக்கொள்கிற பஞ்சு சின்னச் சின்ன உருண்டையாகக் கிடந்தது. தொண்ணூற்றுநான்கு. அப்பா வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிவிட்டேன். அதற்குள் வெளியிலிருந்து மாவட்டச் செயலாளர், "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்களேன், காத்தோட்டமா நின்னு பேசலாம்" என்று கூப்பிட்டார். அதன்பிறகு நாங்கள் பின்னாலேயே நடந்தோம், அத்தை. நிஜமாகவே பின்னால். அப்பா மீட்டரைப் பார்த்தபடி முதுகுப்பக்கமாக நடக்க, செயலாளர் தோளைப் பிடித்து வழிகாட்ட, நான் நாடாவை இழுத்துக்கொண்டு போனேன். கூம்புகள் உங்கள் ஜன்னலைப் பார்த்தே திரும்பியிருப்பதால் கேட்டில் தொண்ணூற்றொன்றுதான். விளக்குக் கம்பத்தில் எண்பத்தாறு. தையல்கடை வாசலில் எழுபத்தொன்பது. முடிதிருத்தும் கடைக்குள் முதுகாலேயே நுழைந்தபோது கடைக்காரர் துண்டை உதறிவிட்டு, "வாங்க தலைவரே, கட்டிங்கா, சவரமா?" என்றார். "ஒண்ணுமில்ல, சும்மா அளக்கறோம்" என்றார் அப்பா. "தலையையா?" என்றார் அவர். எழுபத்திரண்டு. வரம்பு ஐம்பத்தைந்துதான்.

கடைசியில் தெரு முடிகிற இடத்தில் இருக்கிற நம் கடைக்கே வந்துவிட்டோம். கடை வாசலிலும் அறுபத்தாறு. அதற்குமேல் பின்னால் போனால் கால்வாய். செயலாளர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, அந்தக் கண்ணாடி அறை என்னாது?" என்றார். அது காது பரிசோதிக்கிற, சத்தம் புகாத அறை என்று நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவது என் குணம். அப்பா மீட்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து, "முப்பத்தொண்ணு" என்றார். செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரொம்பக் குறைஞ்சு போச்சேண்ணே. நம்ப மாட்டாங்களே" என்றார். அப்பா மறுபடி உள்ளே போய்க் கதவை நாலு விரல் அளவு திறந்து வைத்தார். ஐம்பத்துநான்கு. 'மனுதாரர் வசிக்கும் தெருவில் அளந்தபோது ஐம்பத்துநான்கு டெசிபல், வரம்புக்கு உட்பட்டது' என்று உத்தரவில் இருப்பது அந்த எண்தான். உங்கள் தலையணையிலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டர், நாலு விரல்.

உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து அந்த எண்ணைச் சொன்னபோதுதான் நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். ஆனால் அப்பாவை நியாயமாகவும் எழுத வேண்டும். வீட்டுக்கு வரும்போது நான், "அப்பா, அத்தை எப்படிப்பா தூங்குவாங்க?" என்று கேட்டேன். அவர் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "பாப்பா, பதினோரு வருஷமா நான் கத்தினது ஒருத்தர் காதுலயும் விழல. இப்ப நான் இருமினாக்கூட ரெண்டு பேர் எழுதிக்கறாங்க. நாலு நல்லது பண்ணணும்னா நாற்காலியில இருக்கணும். இருக்கணும்னா கொஞ்சம் நகர்ந்து குடுக்கணும்" என்றார். இதுவரைக்கும் என்ன நல்லது பண்ணியிருக்கீங்க என்று கேட்டேன். "அதுக்குத்தானே இருக்கேன்" என்றார். மறுநாளிலிருந்து அம்மா பேசுவதில்லை. திங்கட்கிழமை அலுவலக ஊழியர்கள் முன்னால் அப்பா சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது உள்ளே டிபன் டப்பாவுக்கு மேல் அம்மா ஒரு தலையணை உறையை மடித்து வைத்திருந்தாள். கை துடைக்கிற துணி என்று சொல்லி அதிலேயே கை துடைத்தார்.

நான் முடிவு செய்துவிட்டேன், அத்தை. என் குறிப்பேட்டிலிருந்து சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழித்து இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். தலையணையில் தொண்ணூற்றுநான்கிலிருந்து கண்ணாடி அறை வரை எல்லாம் வரிசையாக இருக்கிறது. உத்தரவு உங்கள் கைக்கு வந்ததும் இதை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். அப்பா என்னை என்ன சொல்வாரோ தெரியாது. அப்பாவைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் போய்விட்டது என்பதை எழுதும்போது எழுத்து கொஞ்சம் கோணிப்போகிறது, மன்னிக்கவும்.

உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவரே இருப்பதால், பெரியவர்களுக்கான வணக்கத்தையும் சிறியவர்களுக்கான அன்பையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கொள்ளவும். அம்மா உங்களுக்கு நல்ல தூக்கம் வாய்க்க வேண்டும் என்று தினமும் சொல்கிறாள். ஆசியை எதிர்நோக்கும்,

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியது எல்லாவற்றையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மணி ஐந்துக்கு ஓட்டுநர் உள்ளே வந்து, "சார், வண்டியை உடனே ஒப்படைக்கச் சொல்லிக் கட்சி ஆபீஸ்லேருந்து போன். ஏன்னு சொல்லல. சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். அப்பாவின் முகம் எப்படி ஆயிற்று என்று வருணிக்க எனக்குத் தெரியவில்லை. மாவட்டச் செயலாளருக்கு மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. "முடிஞ்சுது பாப்பா. தூக்கிட்டாங்க" என்று நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தார். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. தட்டச்சான உத்தரவை நாலாகக் கிழித்தார். "உன் நோட்டுல தலையணை அளவு இருக்காம்மா?" என்றார். உறைக்குள் வைத்திருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அது ஏன் உறைக்குள் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். 'மனுதாரரின் தலையணையில் தொண்ணூற்றுநான்கு. ஒலிபெருக்கிகளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அகற்ற உத்தரவிடப்படுகிறது.' கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். "என் தங்கச்சி தூங்கணும். எவன் என்ன பண்ணிடுவான் என்னை?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு என் பழைய அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார், அத்தை. நானும் அழுதேன். நாளைக்கு மாமா வழக்கம்போல, "வெச்சிருங்க சார், நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். "நாளைக்கு நான் இருக்க மாட்டேன்யா! இன்னிக்கே போகணும், இப்பவே!" என்று அப்பா மேசையில் அடித்தார். மாமா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "போனா போனதுதான் சார். திரும்ப எடுக்கணும்னா வாரியம் பூரா கூடி ஓட்டுப் போடணும். அது கூடி ரெண்டு வருஷமாச்சு" என்றார். "எவன் கேட்டான் திரும்ப?" என்றார் அப்பா. மாமா பதிவேட்டில் ஏற்றி, உறையில் பசை தடவி, பையில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பின்குறிப்பு: இப்போதுதான் மாவட்டச் செயலாளர் போன் செய்தார். அவர் எப்போதும் கத்திப் பேசுவதால் எனக்கும் கேட்டது. "அண்ணே, மீட்டிங்ல இருந்தேன். வண்டியக் குடுத்துட்டீங்கல்ல? உங்க தகுதிக்கு அந்தப் பழைய ஹாரன் பத்தாதுன்னு தலைவரே சொல்லிட்டாரு. மூணு குழல் வெச்ச புது ஹாரன் மாட்டச் சொல்லியிருக்கு. காலையில வண்டி வாசல்ல நிக்கும். அப்புறம் அந்த உத்தரவு கையெழுத்தாயிடுச்சுல்ல?" அப்பா "ஆ... ஆயிடுச்சு" என்று சொல்லி போனை வைத்தார். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, "பாப்பா, கதவுகிட்ட போய்ப் பாரு. அந்த நாளைக்கு போயிட்டாரா, இருக்காரா? ஓடு, ஓடு!" என்றார்.

நான் கதவுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத உள்வராந்தாவின் கோடியில், என்னிடமிருந்து சுமார் பதினைந்து அடி தூரத்தில், அவர் தோளில் தபால் பையும் கையில் குடையுமாக அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "போயிட்டாருப்பா" என்றேன். என் வாழ்நாளில் அப்பாவிடம் சொன்ன முதல் பொய் இது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். "நல்லாப் பாத்தியா?" என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "நல்லாப் பாத்தேன்ப்பா." மாமா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் சாவியை எடுத்து, சுவரில் இருக்கிற சுவிட்சுப் பெட்டிக்குக் கையை நீட்டினார். இப்போது ஜன்னலில் வருகிற வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா வராந்தாவில் சுவரைத் தடவிக்கொண்டு, "யாருய்யா அது? யாருய்யா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். மணி ஐந்து நாற்பது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.